மணமேடையும் பந்தியும்

கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு, “வரும்போது மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்” என்று சொல்லும் வீட்டை எந்த ஊரிலும் உறவுக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் 2018 மே 19 அன்று நடந்த கல்யாணத்தில் அப்படித்தான் சொன்னார்கள். இளவரசர் ஹாரிக்கும் அமெரிக்க நடிகை மேகன் மார்க்கலுக்கும் நடந்த திருமணத்தையொட்டி, கோட்டை வளாகத்துக்குள் வர 2,640 பேருக்கு அழைப்பு போயிற்று. அவர்களில் 1,200 பேர் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட சாமானியர்கள். வளாகத்தில் உணவு வாங்க வசதி இராது, ஆகவே மதிய உணவைக் கையோடு கொண்டுவரவும் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது. தேவாலயத்துக்குள் உட்கார்ந்திருந்த 600 விருந்தினர்களுக்கோ ராணி எலிசபெத் விருந்து வைத்தார். இரவு ஃபிராக்மோர் மாளிகையில் நடந்த விருந்துக்கு சுமார் 200 பேருக்கு மட்டுமே அழைப்பு.

சாப்பாட்டு விவகாரம் கொஞ்சம் கேலிக்கு ஆளாகி, பிறகு மறக்கப்பட்டது. காரணம், அன்று பேசுவதற்கு அதைவிடப் பெரிய விஷயம் இருந்தது. மணப்பெண்ணின் தாய் கறுப்பினத்தவர். தேவாலயத்தில் பெண் வீட்டார் தரப்பில் அந்த அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார். அமெரிக்க எபிஸ்கோபல் சபையின் தலைமை பிஷப் பதவிக்கு வந்த முதல் கறுப்பரான மைக்கேல் கர்ரி, சுமார் 14 நிமிடம் அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். மார்ட்டின் லூதர் கிங்கையும் அடிமைகள் பாடிய பாட்டையும் அரச குடும்பத்தின் முகத்துக்கு நேரே நினைவுபடுத்தினார். கேரன் கிப்சன் தலைமையிலான கிங்டம் கொயர் என்ற கறுப்பினப் பாடகர் குழு பாடியது. 19 வயது ஷேகு கன்னே-மேசன் செல்லோ வாசித்தார். ஜமைக்காவில் பிறந்த பெண் பாதிரியார் ரோஸ் ஹட்சன்-வில்கின் ஜெபம் செய்தார்.

பிரிட்டனில் மட்டும் சுமார் 1.8 கோடிப் பேர் இதை டி.வி.யில் பார்த்தார்கள். அமெரிக்காவில் 2.9 கோடிப் பேர். கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றில் அன்று ஏற்பட்ட பூரிப்பைப் போலி என்று தள்ளிவிட முடியாது. தங்கள் முன்னோர்களை அடிமைகளாக விற்ற சாம்ராஜ்யத்தின் அரண்மனைக்குள், தங்கள் பாட்டும் தங்கள் பிரசங்க பாணியும் ஒலித்ததை அவர்கள் கேட்டார்கள். அப்படி ஒரு நாளுக்காகப் பல தலைமுறைகள் காத்திருந்தவர்களிடம் போய், இது வெறும் காட்சி என்று சொல்வது எளிதல்ல.

ஆனாலும் ஒரு கேள்வி அன்றே இருந்தது. மணமேடையில் இடம் கிடைத்துவிட்டது. பந்தியில்?

வேலியை நகர்த்துவது பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்குப் புதிதல்ல. முதல் உலகப் போரின்போது ஜெர்மனி மீது மக்களுக்கு இருந்த ஆத்திரத்தைப் பார்த்து, ஐந்தாம் ஜார்ஜ் 1917 ஜூலையில் குடும்பத்தின் ஜெர்மன் பெயரைத் துறந்து விண்ட்சர் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டார். வெளிநாட்டு அரச வம்சங்களில்தான் சம்பந்தம் என்ற வழக்கமும் தளர்ந்தது. அவருடைய இரண்டாவது மகன் 1923இல் ஸ்காட்லாந்துப் பிரபு ஒருவரின் மகளை வெஸ்ட்மின்ஸ்டர் அப்பேயில் மணந்தார். அந்தத் திருமணத்தை வானொலியில் ஒலிபரப்ப பிபிசி அனுமதி கேட்டது. தேவாலயத் தரப்பு மறுத்துவிட்டது. சாராயக் கடையில் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்துகொண்டு சிலர் கேட்கக்கூடும் என்பது அவர்கள் கவலை! 37 ஆண்டுகள் கழித்து, 1960 மே 6 அன்று இளவரசி மார்கரெட்டின் திருமணம் டி.வி.யில் நேரடியாகவே காட்டப்பட்டது. 1981இல் சார்லஸ்-டயானா திருமணத்தைப் பிரிட்டனில் 2.8 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். எந்த ஜனங்களின் தொப்பியைப் பற்றிக் கவலைப்பட்டார்களோ, அதே ஜனங்களின் கண்கள் இல்லாமல் அரச கல்யாணம் நடக்காது என்ற நிலை வந்துவிட்டது.

ஒவ்வொரு தடையும் இப்படித்தான் விழுந்தது. இரண்டு முறை விவாகரத்தான அமெரிக்கப் பெண்ணை மணக்க விரும்பியதற்காக எட்டாம் எட்வர்ட் 1936 டிசம்பரில் முடியைத் துறக்க வேண்டியிருந்தது. விவாகரத்தானவரைக் காதலித்த மார்கரெட், 1955இல் அந்தக் காதலைக் கைவிட்டார். 2005இல் சார்லஸ், விவாகரத்தான கமிலாவை மணந்தார். 2011இல் இளவரசர் வில்லியம் கைபிடித்த கேத்தரின் மிடில்டனின் பெற்றோர், விருந்து அலங்காரப் பொருள்களைத் தபாலில் விற்றுப் பணக்காரர்களானவர்கள். தாய் ஒரு காலத்தில் விமானப் பணிப்பெண். 2018இல் வந்த மணப்பெண் அமெரிக்கர், விவாகரத்தானவர், கறுப்பினத் தாயின் மகள். 82 ஆண்டுகளுக்கு முன் ஒரு மன்னரின் பதவியைப் பறித்த காரணங்கள் எல்லாம் இப்போது வாழ்த்துச் செய்திகளாகிவிட்டன.

மாறாதது ஒன்று உண்டு. 2015 மார்ச்சில் அமலுக்கு வந்த வாரிசுரிமைச் சட்டப்படி, முடிக்குரிய வரிசையில் முதல் ஆறு பேர் திருமணம் செய்ய அரசரின் சம்மதம் தேவை. வில்லியமின் மூன்றாவது குழந்தை 2018 ஏப்ரல் 23 அன்று பிறந்ததும் ஹாரி ஆறாவது இடத்துக்கு இறங்கினார். அதாவது கடைசி ஆளாக அந்தச் சட்டத்துக்குள் இருந்தார். மார்ச்சிலேயே ராணி முறைப்படி சம்மதம் தந்திருந்தார். மருமகள் எந்த நிறமாகவும் இருக்கலாம். ஆனால் யார் எத்தனையாவது இடம் என்பதைப் பிறப்புதான் தீர்மானிக்கும். முடியாட்சியின் உயிர் அந்த வரிசையில் இருக்கிறது.

கல்யாணத்துக்கு முந்தைய சில மாதங்களில் கோட்டைச் சுவருக்கு வெளியே நடந்தவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018 ஜனவரியில் விண்ட்சர் நகர மன்றத் தலைவர், திருமணத்துக்கு முன் தெருக்களில் படுத்திருப்போர், பிச்சை எடுப்போர் விஷயத்தில் நடவடிக்கை எடுக்கும்படி போலீசைக் கேட்டார். வி.ஐ.பி. வருகைக்கு முன் குடிசைகளைத் தட்டி வைத்து மறைக்கும் இந்திய நகராட்சிகளைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. பிரதமர் தெரசா மே அந்தக் கருத்தை ஏற்கவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

ஏப்ரலில் இன்னொரு விவகாரம் வெடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் ஆள் பற்றாக்குறை. கரீபியத் தீவுகளிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். 1948 ஜூன் 22 அன்று டில்பரி துறைமுகத்தில் அவர்களைக் கொண்டுவந்து இறக்கிய ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்ற கப்பலின் பெயரே அந்தத் தலைமுறைக்கு ஏற்பட்டது. பஸ் ஓட்டி, ஆஸ்பத்திரிகளில் வேலை செய்து, வரி கட்டி, பேரன் பேத்தி எடுத்தவர்களிடம் அரை நூற்றாண்டு கழித்து உள்துறை அமைச்சகம் காகிதம் கேட்டது. சட்டப்படி வந்தவர்கள்தான். ஆனால் அதை நிரூபிக்கும் ஆவணம் பலரிடம் இல்லை. வந்திறங்கியபோது பதிந்த அட்டைகளை அமைச்சகமே 2010இல் அழித்திருந்தது. வேலை போனது, வீடு போனது, இலவச மருத்துவம் மறுக்கப்பட்டது. குறைந்தது 83 பேர் தவறாக நாடு கடத்தப்பட்டார்கள்.

இந்தச் செய்திகள் குவிந்த அதே வாரத்தில் காமன்வெல்த் தலைவர்களின் மாநாடு லண்டனில் நடந்தது. தெரசா மே கரீபியத் தலைவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். காமன்வெல்த்தின் இளைஞர் தூதராக ஹாரி நியமிக்கப்பட்டார். ராணிக்குப் பின் அமைப்பின் தலைவர் சார்லஸ்தான் என்றும் முடிவாயிற்று. ஏப்ரல் 29 அன்று உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் ராஜினாமா செய்தார். அவர் இடத்துக்கு வந்த சஜித் ஜாவித், பாகிஸ்தானிலிருந்து வந்த பஸ் ஓட்டுநரின் மகன். மூன்று வாரத்தில் கல்யாணம். கறுப்பினப் பாடகர்கள் தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், அவர்களின் பெற்றோர் வயதுடைய சிலர் தாங்கள் இந்த நாட்டவர்தான் என்று நிரூபிக்கப் பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பிரிட்டிஷ் மக்கள் இந்தக் கல்யாணத்தை எப்படிப் பார்த்தார்கள்? முடியாட்சியை எதிர்க்கும் ரிபப்ளிக் அமைப்புக்காக யூகவ் நிறுவனம் அந்த மே மாதம் எடுத்த கணிப்பில், 66 சதவீதம் பேர் தங்களுக்கு இதில் ஆர்வமில்லை என்றார்கள். போலீஸ் செலவு உட்பட எல்லாவற்றையும் அரச குடும்பமே ஏற்க வேண்டும் என்றவர்கள் 57 சதவீதம். (கல்யாணச் செலவை அரச குடும்பம் ஏற்றது. பாதுகாப்புச் செலவு அரசுடையது.) ஆர்வமில்லை என்று சொன்னவர்களிலும் பலர் சனிக்கிழமை டி.வி. முன் உட்கார்ந்திருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைக் குறை சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்க்கும் குணம் எந்த நாட்டுக்கும் தனிச்சொத்தல்ல.

பந்தி விஷயம் வெளிவர மேலும் மூன்றாண்டுகள் பிடித்தன. ஆவணக் காப்பகத்திலிருந்த அரசுக் காகிதங்களை ஆதாரமாக வைத்து 2021 ஜூனில் ‘கார்டியன்’ நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. நிறத்தவரான குடியேறிகளையும் வெளிநாட்டினரையும் எழுத்தர் வேலைகளில் அமர்த்துவது அரண்மனையின் வழக்கமல்ல என்று 1968இல் ராணியின் நிதி நிர்வாகி அரசு அதிகாரிகளிடம் சொல்லியிருந்தார். வீட்டு வேலைக்கு எடுப்பார்களாம். பாகுபாட்டைத் தடுக்கும் சட்டங்கள் வந்தபோது அரண்மனைக்கு விலக்கு பெறப்பட்டது. அதனால் அங்கே பாகுபாடு காட்டப்பட்டதாக நினைக்கும் ஊழியர் மற்றவர்களைப் போல் நீதிமன்றம் போக வழி இருக்கவில்லை. புகார்களை விசாரிக்கத் தனி ஏற்பாடு இருப்பதாக அரண்மனை பதில் சொன்னது.

அதே மாதம் அரண்மனையின் ஆண்டறிக்கை முதன்முறையாக ஒரு எண்ணிக்கையைச் சொன்னது. ஊழியர்களில் சிறுபான்மை இனத்தவர் 8.5 சதவீதம். 2022க்குள் 10 சதவீதம் ஆக்குவது இலக்கு. 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி லண்டன்வாசிகளில் வெள்ளையரல்லாதவர்கள் 46 சதவீதம். ஊழியர் விகிதத்தை வெளியிட்டதே ஒரு முன்னேற்றம் என்று வாதாடலாம். அது உண்மையும்கூட. பல நிறுவனங்கள் அதையும் செய்வதில்லை. ஆனால் தேவாலயத்துக்குள் அரை மணி நேரத்தில் காட்ட முடிந்த பன்முகத்தன்மையை அலுவலக அறைகளுக்குள் கொண்டுவர அரை நூற்றாண்டு போதவில்லை.

இதற்கிடையில் மருமகள் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார். 2020 ஜனவரியில் தம்பதியர் அரச கடமைகளிலிருந்து விலகுவதாக அறிவித்தார்கள். 2021 மார்ச்சில் ஓப்ரா வின்ஃப்ரேக்கு அளித்த பேட்டியில், பிறக்கவிருந்த குழந்தையின் தோல் நிறம் எப்படி இருக்குமோ என்ற கவலை குடும்பத்துக்குள் பேசப்பட்டதாகச் சொன்னார்கள். நடந்ததைப் பற்றிய நினைவுகள் ஆளுக்கு ஆள் மாறலாம், எனினும் விஷயத்தைக் கவனிப்போம் என்று அரண்மனை சுருக்கமாக ஒரு அறிக்கை விட்டது. தங்கள் குடும்பம் இனவெறிக் குடும்பமல்ல என்றார் வில்லியம்.

யார் சொன்னது உண்மை என்பது அந்த வீட்டுக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். வெளியே தெரிந்தது வேறு. பிரிட்டன் இரண்டாகப் பிரிந்து நின்றது. பிளவு வயதையொட்டி ஓடியது. யூகவ் 2021 மே மாதம் வெளியிட்ட கணிப்பில், 65 வயதைத் தாண்டியவர்களில் 81 சதவீதம் பேர் முடியாட்சியை விரும்பினார்கள். 18 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் அப்படி விரும்பியவர்கள் 31 சதவீதமே. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் வேண்டும் என்ற இளைஞர்கள் 41 சதவீதம். 2019இல் இதே வயதினரில் 46 சதவீதம் முடியாட்சி பக்கமும் 26 சதவீதம் எதிர்ப்பக்கமும் இருந்தார்கள். இரண்டே ஆண்டில் தலைகீழ். இளைஞர்களை ஈர்க்கும் என்று போற்றப்பட்ட கல்யாணத்தின் முறிவு அவர்களை விலகிப்போகவும் செய்திருக்கலாம்.

2022 நவம்பரில் பக்கிங்காம் அரண்மனையில் ஒரு வரவேற்பு. பிரிட்டனில் பிறந்த கறுப்பினப் பெண், ஒரு அறநிறுவனத்தின் தலைவி, அழைப்பின் பேரில் வந்திருந்தார். அரண்மனையில் பல்லாண்டுகள் பணியாற்றிய 83 வயது சீமாட்டி ஒருவர், “உண்மையில் எந்த ஊர்?” என்று அவரைத் திரும்பத் திரும்பக் கேட்டார். சீமாட்டி பதவி விலகினார், பிறகு நேரில் மன்னிப்பும் கேட்டார். கேட்டவர் அதைக் குற்றமாக நினைக்காமல்கூட கேட்டிருக்கலாம். விருந்தாளி இந்த வீட்டுக்காரர்தான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை என்பதில்தான் சங்கடம் இருந்தது.

மேகனின் முகத்திரையில் காமன்வெல்த்தின் 53 நாடுகளின் மலர்களும் பட்டு நூலில் பூவேலையாகத் தைக்கப்பட்டிருந்தன. இந்தியாவுக்குத் தாமரை. அழகான எண்ணம். அந்தத் திரையில் இடம்பெற்ற பார்படாஸ், 2021 நவம்பர் 30 அன்று ராணியைத் தலைமைப் பதவியிலிருந்து நீக்கிக் குடியரசானது. விழாவுக்கு வந்திருந்த சார்லஸ், அடிமை முறையின் கொடுமையைத் தன் பேச்சில் ஒப்புக்கொண்டார். 2022 மார்ச்சில் வில்லியமும் மனைவியும் ஜமைக்கா போனார்கள். கம்பி வேலிக்கு அப்பால் நின்ற மக்களிடம் கைகுலுக்கும் படம் உலகெங்கும் வெளியாகி மானத்தை வாங்கியது. தங்கள் நாடு தன் வழியில் போகப்போகிறது என்று பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். பூவேலையில் சேர்க்கப்பட்டவர்கள் நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்தால், அவர்கள் கணக்குக் கேட்டார்கள்.

2023 மே 6 அன்று மூன்றாம் சார்லஸ் முடிசூடியபோதும் காட்சிக்குக் குறைவில்லை. கையுறையைக் கொடுத்தவர் சீக்கியரான இந்தர்ஜித் சிங் பிரபு, மோதிரத்தைக் கொடுத்தவர் இந்துவான பட்டேல் பிரபு. முஸ்லிம், யூதப் பிரபுக்களுக்கும் பங்கு தரப்பட்டது. பைபிள் வாசித்தது இந்துப் பிரதமர் ரிஷி சுனக். ஆனால் மன்னர் எடுத்த உறுதிமொழி புராட்டஸ்டன்ட் மதத்தைக் காப்பதாகத்தான். மோதிரம் கொடுத்தவர்களின் பிள்ளைகள் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. கத்தோலிக்கர்கள்கூட முடியாது; 1701ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் தடுக்கிறது. விழாவுக்கு அரசு செய்த செலவு 7.2 கோடி பவுண்டு. “எங்கள் மன்னர் அல்ல” என்று அட்டை பிடிக்க வந்தவர்களின் அமைப்பாளர் உட்பட 50க்கும் மேற்பட்டோர் அன்று கைது செய்யப்பட்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, நல்லவேளை நமக்கு ராஜாக்கள் இல்லை என்று இந்தியர்கள் திருப்திப்பட்டுக்கொள்ளலாம். அதற்குக் காரணமும் உண்டு. 1947 நவம்பரில் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்கு ஹைதராபாத் நிஜாம் வைர நெக்லஸ் அனுப்பினார். காந்தி, தான் நூற்ற நூலில் பின்னிய ஒரு துணியை அனுப்பினார். அரச குடும்பத்து மூதாட்டி மேரி அதை இடுப்புத் துணி என்று நினைத்து முகம் சுளித்தார். பிரிட்டனில் அப்போது துணிக்கு ரேஷன். மணப்பெண்ணின் உடைக்காகச் சாதாரணப் பெண்கள் தங்கள் கூப்பன்களை அனுப்பிவைக்க, சட்டப்படி செல்லாது என்று அவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. இருப்பதில் கொஞ்சம் கொடுத்தவர்களும் இருப்பதிலிருந்து கொஞ்சம் கொடுத்தவரும் அனுப்பிய பரிசுகள் அவை. மகாராஜாக்களின் மானியத்தை இந்தியா 1971இல் ஒழித்தது. நிஜாமின் நெக்லஸ் இன்னும் அரச குடும்பத்திடம் இருக்கிறது.

ஆனால் திருப்தி முழுமையானதல்ல. 1997 அக்டோபரில் ராணி எலிசபெத் டெல்லி வந்தபோது ராஷ்டிரபதி பவனில் விருந்து கொடுத்தவர் ஜனாதிபதி கே.ஆர். நாராயணன். கேரளத்தில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்தவர். பிறப்பால் வந்தவருக்கு, வாக்குகளால் வந்தவர் அளித்த விருந்து அது. வைஸ்ராய்கள் வாழ்ந்த மாளிகையில் அதைவிடப் பொருத்தமான காட்சி இருக்க முடியாது. ஏழு வாரத்துக்குள், டிசம்பர் 1 அன்று, பிகாரின் லட்சுமண்பூர் பாத்தே கிராமத்தில் 58 தலித்துகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தேசிய அவமானம் என்று வேதனைப்பட்டார் நாராயணன். அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களைப் பாட்னா உயர் நீதிமன்றம் 2013இல் விடுதலை செய்தது.

குறியீடு பயனற்றது என்று இதிலிருந்து முடிவு கட்டத் தேவையில்லை. நாராயணன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது கோடிக்கணக்கானவர்களுக்கு நிமிர்ந்து நடக்கத் தெம்பு தந்தது. விண்ட்சரில் கேட்ட பாட்டும் அப்படித்தான். இரண்டுக்கும் வித்தியாசம், நாராயணன் 2002இல் மாளிகையைக் காலி செய்துவிட்டுப் போனார். அடுத்தவர் யார் என்பதை வாக்குகள் தீர்மானித்தன. விண்ட்சரில் அடுத்தவர் யார் என்பதும் அதற்கடுத்தவர் யார் என்பதும் தொட்டிலிலேயே முடிவாகிவிடுகிறது. ஒன்றில் குறியீட்டுக்குப் பின்னால் ஒரு உரிமை இருக்கிறது. இன்னொன்றில் ஒரு அழைப்பிதழ் இருக்கிறது. உரிமையை யாரும் திரும்ப வாங்க முடியாது. அழைப்பு, அழைத்தவர் மனசைப் பொறுத்தது.

வில்லியமின் மூத்த மகன் ஜார்ஜ் 2013இல் பிறந்தவர். இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டில் லண்டனில் மறுபடி ஒரு பெரிய கல்யாணம் வரலாம். தேவாலயத்தில் எல்லா நிறத்தவரும் இருப்பார்கள் என்று இப்போதே நம்பிச் சொல்லலாம். விஷயம் தெரிந்தவர்கள் அன்று டி.வி.யைப் பார்த்து முடித்ததும், அரண்மனையின் ஆண்டறிக்கையை எடுத்து ஊழியர் பக்கத்தைப் புரட்டுவார்கள். விண்ட்ரஷ் முதியவர்களில் நஷ்டஈடு கிடைக்காமலே இறந்துபோனவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்பார்கள். புல்வெளிக்கு அழைக்கப்பட்டவர்களுக்கு அந்தத் தடவையாவது சாப்பாடு போட்டார்களா என்றும் பார்ப்பார்கள்.